பழைய விளையாட்டுப் பேழையிற் புதிய திரை பொருத்துமாறு

1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் யப்பானிலும் அமெரிக்காவிலும் பெருகிய நாணய விளையாட்டுப் பேழைகளை இன்று செப்பனிட்டுப் பேணுவோர் பலர். மரமும் மின்சுற்றும் பிழைத்திருப்பினும் திரை கண்மூடிவிடுகின்றது. அதற்குரிய கதோட்டுக் கதிர்க் குழாய்களைத் தொழிற்சாலைகள் கைவிட்டுவிட்டன. ஆதலின் தட்டையான திரவப் பளிங்குத் திரையை அவ்விடத்திற் பொருத்தும் வழக்கம் எழுந்தது. அதன் முறையை ஈண்டுக் கூறுவாம்.

மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் குழாயிற் பல்லாயிரம் உவோற்று மின்னேற்றம் தங்கியிருத்தல் கூடும். அதனை இறக்கப் பழகாதவர் குழாயைத் தொடாதிருக்க.

அமெரிக்காவில் மிட்வே நிறுவனத்தார் 1980இல் வெளியிட்ட பாக்-மான் பேழையில் 19 அங்குலத் திரை நெடுக்காக நிற்கும். அகலம் 224, உயரம் 288 புள்ளிகள். இன்று மலிந்த 16:9 திரையை அங்ஙனம் நிறுத்தின் மேலும் கீழும் வெறுமையாகும். பழைய 4:3 திரையைத் தேடிப் பெறுதலே தகும். பழைய சுற்று வினாடிக்கு ஏறத்தாழ 15,700 கோடுகள் வரைவது. கணினித் திரையோ பொதுவாக 31,000க்குக் குறைந்ததை ஏலாது. ஆகவே இடையில் மாற்றி ஒன்று வேண்டும். நின்டெண்டோவின் டொங்கி கொங் (1981) பேழையில் நிறக்குறிகளும் தலைகீழாய் வருவன. திருப்பாதுவிடின் ஒளி இருளாகவும் இருள் ஒளியாகவும் தோன்றும்.

பேழையை அறுத்தலும் துளைத்தலும் எமக்கு உடன்பாடன்று. பழைய சட்டத்தைத் தாங்கிய துளைகளையே கொண்டு ஒட்டுப்பலகை ஒன்றை முடுக்கி, அதில் 100 மி.மீ. சதுரமாக நான்கு துளையிட்டுத் திரையின் முதுகைப் பிணைக்க. பழைய சாய்வு மாறலாகாது. திரை முன்னுள்ள கறுப்பு மட்டையை ஒட்டி நிற்றல் வேண்டும். பின்தங்கின் ஓரங்கள் மறையும்.

1978ஆம் ஆண்டின் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பேழை இதற்கு எளிதில் இணங்காது. அதன் நிலைப்பேழையில் திரை கீழே கிடக்க, ஆடுவோன் காண்பது பாதியொளி விடும் ஆடியிற்பட்ட விம்பம். ஆடிக்குப் பின்னே சந்திரத் தரையின் சித்திரம். புதுத்திரை படத்தை இடவலம் மாற்றிக் காட்டல் வேண்டும். அதுவும் இயலும். ஆயின் பின்னொளித் திரையின் இருள் முழுவிருள் அன்று. அம்மங்கலொளி சந்திரன்மேற் படலமாய்ப் படியும். அப்பேழைக்குப் பழைய குழாயைத் தேடியிடுதலையே யாம் விரும்புவோம்.

கழற்றிய குழாயை எறிந்துவிடற்க. கழுத்து முறியாவண்ணம் முகங்கீழாகத் தடித்த துணிமேற் கிடத்தி, எப்பேழைக்குரியதென எழுதிவைக்க.