ரிப்போர்ட்டில் விட்டுப்போன பயணங்கள்

ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. "நடந்ததை எழுதிக் கொடு" என்று மேலதிகாரி கேட்பார். எழுதிக் கொடுத்தால், "சரி, இது ஏன் நடந்தது? இப்போது நான் என்ன செய்யவேண்டும்?" என்று திருப்பிக் கேட்பார்!

முதலில் கேட்டது தகவல் அறிக்கை. பிறகு கேட்டது ஆராய்ச்சி அறிக்கை. இரண்டும் வேறு. "குழாயில் தண்ணீர் ஒழுகுகிறது" என்பது தகவல். ஏன் ஒழுகுகிறது, விட்டுவிட்டால் என்ன ஆகும், எதை மாற்றவேண்டும் என்று பார்த்துச் சொல்வது ஆராய்ச்சி.

இந்த வேறுபாட்டை அமெரிக்கா 7 உயிர்களைக் கொடுத்துத் தெரிந்துகொண்டது.

73-வது விநாடி

1986-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி. புளோரிடா கடற்கரையில் இருந்து "சாலஞ்சர்" என்ற விண்வெளி ஓடம் கிளம்பியது. உள்ளே 7 பேர். அவர்களில் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிப் என்ற பள்ளிக்கூட ஆசிரியை. 73-வது விநாடியில் ஓடம் வானத்திலேயே சிதறியது. 7 பேரும் மாண்டார்கள்.

காரணம் என்ன? ஓடத்தைத் தூக்கிச் செல்லும் ராக்கெட்டுகள் பல துண்டுகளாகச் செய்து பொருத்தப்பட்டவை. பொருத்திய இடத்தில் நெருப்பு வாயு கசியாமல் இருக்க ரப்பர் வளையம் வைத்திருந்தார்கள். வீட்டுக் குக்கர் மூடியில் இருக்கிறதே, அதுபோல. அன்று காலை அங்கே கடுங்குளிர். குளிரில் ரப்பர் விறைத்தது. வாயு கசிந்தது.

என்ஜினீயரின் கடிதம்

இந்த ஆபத்து 6 மாதத்துக்கு முன்பே எழுத்தில் வந்துவிட்டது!

ராக்கெட் செய்த மார்ட்டன் தயோகால் கம்பெனியில் ரோஜர் பாய்ஜாலி என்ற என்ஜினீயர் இருந்தார். 1985 ஜூலை 31-ந் தேதி, கம்பெனியின் துணைத் தலைவர் ஒருவருக்கு அவர் கடிதம் எழுதினார். சுற்றி வளைக்கவில்லை. வளையம் பழுதாவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நிர்வாகம் உணரவேண்டும், அதற்காகவே இந்தக் கடிதம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். கவனிக்காவிட்டால் உயிர்ச்சேதம் ஏற்படும் என்றார். இதைத் தீர்க்கத் தனிக் குழு வேண்டும் என்று கேட்டார்.

ஆபீஸ் ரிப்போர்ட்டுக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைப்பது கடினம். குழுவும் அமைந்தது. ஆனால் வேலைதான் வேகமாக நடக்கவில்லை.

13 தாள்கள்

ஓடம் கிளம்புவதற்கு முந்திய நாள். மறுநாள் குளிர் கடுமையாக இருக்கும் என்று தெரிந்தது. என்ஜினீயர்கள் அவசர அவசரமாக 13 தாள்கள் தயாரித்தார்கள். அன்றிரவு டெலிபோனில் விவாதம் நடந்தது.

"53 டிகிரிக்குக் கீழே போனால் ஏவவேண்டாம்" என்றார்கள் என்ஜினீயர்கள். (இது பாரன்ஹீட் கணக்கு. 32 டிகிரியில் தண்ணீர் உறைந்துவிடும்.) அதற்கு முன்பு 53 டிகிரியில் ஏவிய பயணத்தில்தான் வளையம் மிக மோசமாகப் பழுதாகியிருந்தது.

அமெரிக்காவின் விண்வெளி இலாகாவான நாசாவின் அதிகாரிகள் ஒப்பவில்லை. 75 டிகிரியில் ஏவியபோதும் வாயு கசிந்த அடையாளம் இருந்ததே! அப்படியானால் குளிரா காரணம்?

விடை அவர்கள் கையிலேயே இருந்தது. ஜனாதிபதி அமைத்த விசாரணைக் கமிஷன்தான் பிறகு அதை எடுத்துக் காட்டியது. அன்றிரவு எல்லோரும் பழுது கண்ட பயணங்களையே ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பழுது காணாத பயணங்களைச் சேர்த்து யாரும் கணக்குப் பார்க்கவில்லை!

சேர்த்துப் பார்த்தால்? 66 டிகிரியும் அதற்கு மேலும் 20 பயணங்கள். பழுது கண்டது மூன்றில் மட்டுமே. 63 டிகிரியும் அதற்குக் கீழும் 4 பயணங்கள், நான்கிலுமே பழுது!

ஒரே தாளில் அடங்கும் கணக்கு. இது ராக்கெட்டுக்கு மட்டும் உரியது அல்ல. மில்லில் மிஷின் நின்றுபோன நாட்களை மட்டும் எழுதினால் காரணம் பிடிபடாது. ஒழுங்காக ஓடிய நாட்களையும் பக்கத்திலேயே எழுதவேண்டும். அந்த நாட்களுக்கும் இந்த நாட்களுக்கும் என்ன மாறுதல் என்று அப்போதுதான் கண்ணில் படும்.

அந்தக் கணக்கைக் காட்டியிருந்தால் ஓடத்தை நிறுத்தியிருப்பார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. பழியை எல்லாம் தாள் எழுதியவர்கள் தலையில் போடுவதும் நியாயம் அல்ல. கம்பெனி அதிகாரிகள் தனியே கூடிப் பேசினார்கள். "என்ஜினீயர் தொப்பியைக் கழற்றிவிட்டு மானேஜர் தொப்பியைப் போட்டுக்கொள்" என்று அங்கே ஒருவரிடம் சொல்லப்பட்டது. பிறகு, "ஏவலாம்" என்று பதில் போயிற்று. மறுநாள் ஏவியபோது குளிர் 36 டிகிரி.

கமிஷனில் ரிச்சர்ட் பெயின்மன் என்ற விஞ்ஞானி இருந்தார். நோபல் பரிசு பெற்றவர். 1986 பிப்ரவரி 11-ந் தேதி பகிரங்க விசாரணை நடந்தபோது, அந்த ரப்பரில் ஒரு துண்டை இடுக்கியில் நெரித்து, ஐஸ் தண்ணீர் இருந்த தம்ளரில் போட்டார். சற்று நேரம் கழித்து எடுத்து, இடுக்கியைத் தளர்த்தினார். ரப்பர் உடனே விரியவில்லை, நெரிந்தபடியே இருந்தது. டெலிவிஷனில் பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்க மக்களுக்கு, அந்த 13 தாள்களும் சொல்ல வந்தது அந்த நிமிடமே விளங்கிவிட்டது.