கொழுப்பு மாத்திரையை நிறுத்தலாமா?



நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவி கேட்டு வருபவர்களின் மருந்துச் சீட்டுகளில், சர்க்கரை மற்றும் ரத்த அழுத்த மாத்திரைகளுக்கு அடுத்தபடியாக நாங்கள் அதிகம் பார்ப்பது கொழுப்பு மாத்திரையைத்தான். முதலில் நிறுத்தப்படுவதும் அதுதான். "ரிப்போர்ட் நார்மல் என்று வந்துவிட்டது, இனி எதற்கு?" என்று கேட்கிறார்கள். மாதக் கடைசியில் கை இறுகும்போது, வலியே தராத ஒரு நோய்க்கான மாத்திரையை விட்டுவிடத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் இது உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம். எனவே இந்த இதழில் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

நெஞ்சுவலிக்கு ஏன் கொழுப்பு மாத்திரை?

தமிழக அரசு 2023 ஜூன் மாதம் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வருபவருக்கு மாரடைப்பு என்று சந்தேகம் எழுந்தால், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே மூன்று வகை மாத்திரைகள் கொடுக்கப்படுகின்றன. அவை ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின். முதல் இரண்டும் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக் கட்டியாவதைத் தடுப்பவை. மூன்றாவது, நம்மில் பலர் தினமும் 10 அல்லது 20 மி.கி. அளவில் சாப்பிடும் அதே கொழுப்பு மாத்திரை. ஆனால் இங்கே ஒரே நேரத்தில் 80 மி.கி. கொடுக்கிறார்கள்.

ரத்தத்தில் கொழுப்பு நன்றாகக் குறைய வாரக்கணக்கில் ஆகும். அப்படியிருக்க, நிமிடங்களை எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில் கொழுப்பு மாத்திரை எதற்கு? இதற்கான பதில்தான் இந்தக் கட்டுரையின் சாரம்.

கொழுப்பைக் குறைப்பது மட்டுமல்ல

இந்த வகை மாத்திரைகளுக்கு ஸ்டாட்டின் என்று பெயர். ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1973-ல் முதல் ஸ்டாட்டினைக் கண்டுபிடித்தார். கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்கும் பாதையில் உள்ள ஒரு நொதியை இது தடுக்கிறது. உடனே கல்லீரல், ரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பை, அதாவது எல்.டி.எல்.-ஐ, அதிகமாக இழுத்துக்கொள்கிறது.

அந்தப் பாதையில் கொலஸ்ட்ரால் மட்டும் உருவாவதில்லை. செல்லுக்குள் செய்தி கடத்தும் புரதங்களுக்குத் தேவையான வேறு சில பொருட்களும் அங்கேதான் உருவாகின்றன. அவையும் குறைவதால், ரத்தக்குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடைக் கூடுதலாகச் சுரந்து இளகுகிறது. குழாய்ச் சுவரின் அழற்சி தணிகிறது. பெரும்பாலான மாரடைப்புகளில், குழாய் மெல்ல மெல்ல முழுதாக அடைத்துக்கொள்வதில்லை. சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு திடீரென வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைகிறது. ஸ்டாட்டின் அந்தத் திட்டின் மேலுறையை உறுதிப்படுத்துகிறது.

2008-ல் வெளியான ஜூபிடர் என்ற ஆய்வில், எல்.டி.எல். 130-க்குக் கீழ் இருந்து, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு மட்டும் கூடுதலாக இருந்த 17,802 பேர் சேர்க்கப்பட்டார்கள். ரோசுவாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் 44 சதவீதம் குறைந்தன.

ஆனால் அவர்களுக்கு எல்.டி.எல்.-உம் பாதியாகக் குறைந்திருந்தது. எனவே எவ்வளவு பலன் கொழுப்பு குறைந்ததால் வந்தது, எவ்வளவு மற்ற வழிகளில் வந்தது என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் விவாதம் உண்டு. பிரேசிலில் சுமார் 4,200 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், அவசர நேரத்தில் கொடுத்த அதிக அளவு அட்டோர்வாஸ்டாட்டின் எல்லோருக்கும் பொதுவாகப் பலன் தரவில்லை. ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டவர்களுக்கே பலன் தெரிந்தது. ஆகவே நெஞ்சுவலி வந்தால் "மாத்திரை போட்டாயிற்று" என்று வீட்டில் படுத்துவிடக் கூடாது. 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் சென்றே ஆக வேண்டும்.

புற்றுநோய்க்கும் மறதி நோய்க்கும்கூட ஸ்டாட்டின் மருந்து என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை நம்ப வேண்டாம். அவை நிரூபிக்கப்படவில்லை.

எது நல்ல ஸ்டாட்டின்?

மி.கி.க்கு மி.கி. ஒப்பிட்டால் ரோசுவாஸ்டாட்டினே வீரியமானது. 10 மி.கி. ரோசுவாஸ்டாட்டின் எல்.டி.எல்.-ஐச் சுமார் 45 சதவீதம் குறைக்கும், 10 மி.கி. அட்டோர்வாஸ்டாட்டின் 35 முதல் 40 சதவீதம் வரை குறைக்கும். சிம்வாஸ்டாட்டினும் பிரவாஸ்டாட்டினும் இவற்றைவிட மென்மையானவை. ஆசிய மக்களின் உடலில் ரோசுவாஸ்டாட்டின் கூடுதலாகச் சேர்வதால், 5 மி.கி.யில் தொடங்குவது வழக்கம்.

வீரியமானது என்பதால் அதுவே எல்லோருக்கும் சிறந்தது என்றாகாது. தென்கொரியாவில் 4,400 இதய நோயாளிகளிடம் அட்டோர்வாஸ்டாட்டினையும் ரோசுவாஸ்டாட்டினையும் மூன்று ஆண்டுகள் ஒப்பிட்டு, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. புதிதாகச் சர்க்கரை நோய் வருவதும் கண்புரை அறுவை சிகிச்சையும் ரோசுவாஸ்டாட்டின் பிரிவில் சற்று அதிகமாக இருந்தன. சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் அளவைக் குறைக்க வேண்டியதில்லை. பாதிப்பு கடுமையாக இருந்தால் ரோசுவாஸ்டாட்டினைக் குறைக்க வேண்டும். அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் சிம்வாஸ்டாட்டினை 20 மி.கி.க்கு மேல் எடுக்கக் கூடாது. அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதியது நமக்குப் பொருந்துவதில்லை.

பக்கவிளைவு பயம்

சர்க்கரை நோய் வரும் என்ற பயத்தில் சிலர் நிறுத்துகிறார்கள். அந்த ஆபத்து உண்மைதான், ஆனால் சிறியது. 255 பேர் நான்கு ஆண்டுகள் சாப்பிட்டால் அவர்களில் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை நோய் வரலாம் என்று 2010-ல் கணக்கிட்டார்கள். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து அதிகம் என்பதால், அவர்களுக்கே ஸ்டாட்டின் மிகவும் தேவை.

உடம்பு வலி என்பது அடுத்த புகார். வலியால் ஸ்டாட்டினை நிறுத்தியிருந்த 60 பேருக்குப் பிரிட்டனில் சில மாதங்கள் ஸ்டாட்டினும் சில மாதங்கள் மருந்தில்லாத போலி மாத்திரையும் மாறி மாறிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டின் சாப்பிட்டபோது சொன்ன தொந்தரவில் 90 சதவீதம், போலி மாத்திரையிலும் இருந்தது. பாதிப் பேர் பிறகு மருந்தைத் தொடர முடிந்தது.

ஆனால் கடுமையான தசை வலி, தளர்ச்சி, கறுத்த சிறுநீர், மஞ்சள் காமாலை ஆகியவை தெரிந்தால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். கர்ப்பிணிகளும், கர்ப்பத்தை எதிர்பார்ப்பவர்களும், பாலூட்டும் தாய்மார்களும் மருந்து எழுதும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டியவை

* ஷிப்டு வேலை: அம்பத்தூர், கும்மிடிப்பூண்டி பக்கம் நைட் ஷிப்டு போகிறவர்கள் நேரம் மாறுகிறதே என்று மாத்திரையை விட வேண்டாம். அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் இரண்டும் உடலில் நீண்ட நேரம் இருப்பவை. எந்த நேரத்திலும் ஒரு வேளை போதும். சிம்வாஸ்டாட்டின் மட்டும் இரவில் எடுப்பது.

* ரமலான்: நாளுக்கு ஒரு வேளை மாத்திரை என்பதால் இஃப்தாருக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரை மருந்துகளுக்கு இது பொருந்தாது. அவற்றை எப்படி மாற்றுவது என்று நோன்புக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

* காப்ஸ்யூல்: ஸ்டாட்டினும் ஆஸ்பிரினும் சேர்ந்து காப்ஸ்யூலாக வருகின்றன. உறையில் உள்ள ஜெலட்டின் ஹலாலா என்ற தயக்கத்தில் மருந்தையே நிறுத்திவிட வேண்டாம். இரண்டும் தனித்தனி மாத்திரையாகவே கிடைக்கின்றன. டாக்டரிடம் சொன்னால் மாற்றி எழுதித் தருவார். மார்க்கச் சந்தேகத்தை ஆலிம்களிடம் கேளுங்கள்.

* பெயர்: அட்டையில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரும் இருக்கும். இரண்டு டாக்டர்கள் வெவ்வேறு கம்பெனிப் பெயரில் ஒரே மருந்தை எழுதியிருக்கலாம். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் அளவு இரட்டிப்பாகும். எல்லாச் சீட்டுகளையும் ஒரே பையில் வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

* கருஞ்சீரகம்: உணவோடு சேர்த்துக்கொள்வதை டாக்டரிடம் தெரிவியுங்கள். ஆனால் அதை நம்பி ஸ்டாட்டினை நிறுத்தாதீர்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள்.

* செலவு: மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் மருந்துகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுபவர்கள் அங்கேயே கேட்டு வாங்கலாம். அதற்கும் வழியில்லாதவர்கள், மாத்திரையை நிறுத்தும் முன் எங்களிடம் வாருங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ரிப்போர்ட் நார்மலாக வந்தது மாத்திரை வேலை செய்வதற்கான அடையாளம். நிறுத்தினால் சில வாரங்களில் கொழுப்பு பழைய அளவுக்கே திரும்பிவிடும். ரத்தக்குழாய்க்குக் கிடைத்த பாதுகாப்பும் போய்விடும். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள் டாக்டர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல் ஆரோக்கியத்தையும், நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவையும் தந்தருள்வானாக. ஆமீன்.