பெற்றவள் எங்கே?

தாய் தந்தையர் அருகில் இல்லாத குழந்தைகள் கதைகளில் ஏராளம். அதற்காகப் பெற்றோர் அத்தனை பேரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடலாமா?

மகாராஜபுரத்துக்காரர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கூப்பிடு தூரத்து ஊர் மாதிரி. அங்கே நந்தவனத்துத் துளசியடியில் பெரியாழ்வார் கண்டெடுத்த குழந்தைதான் ஆண்டாள். பெற்றவர் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. வளர்த்தவரின் அன்பு அந்தக் குறையை நிரப்பிவிட்டது.

தேவகியோ, கண்ணனைப் பெற்ற இரவிலேயே பிரிந்தாள். சிறையில் கிடந்தவள் வேறென்ன செய்வாள்? மகனின் மழலையைக் காணாத அவளது துயரத்தைக் குலசேகராழ்வார் ஒரு பதிகமாகவே பாடியிருக்கிறார். 1960-ல் வெளிவந்த 'களத்தூர் கண்ணம்மா' படத்திலும், குழந்தை இறந்துவிட்டதாகத் தாயை நம்ப வைக்கிறார்கள். பிள்ளை அநாதை விடுதியில் வளர்கிறான். இந்த இருவர் மீதும் பழியில்லை.

குந்தியின் கதை வேறு. பழிக்கு அஞ்சிக் கர்ணனை ஆற்றில் விட்டாள். கன்னிப் பெண்ணின் அச்சம் என்று அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அரங்கிலே அவனைக் குலம் கேட்டு இகழ்ந்தபோது, மகன் என்று தெரிந்தும் அவள் வாய் திறக்கவில்லையே! போர் நெருங்கியபோது தேடிச் சென்றாள். அப்போதும் மற்றப் பிள்ளைகளுக்காகத்தான் வரம் கேட்டாள்.

கைகொடுக்க முடிந்த வேளையில் கைகொடுத்தார்களா? இதுவே உரைகல். இராஜபாளையம் மில்லில் இரவு வேலை பார்க்கும் தகப்பன் பிள்ளையின் அருகில் இல்லாதிருக்கலாம். அவன் பிள்ளையை மறந்தவன் அல்லன். ஒரே வீட்டில் இருந்துகொண்டே பிள்ளையின் முகம் பாராதவர்களைத்தான் இந்தக் கேள்வி சுடும்!