உடம்பால் செய்ய முடியாத இரண்டு கொழுப்பு

"மீன் தொடாத நமக்கு ஒமேகா-3 எங்கிருந்து வரும்?" என்று கடைக்கு வருபவர்கள் கேட்கிறார்கள். எண்ணெய் விற்பவன் பதில் சொல்லத்தானே வேண்டும்!

மிஞ்சிய மாவுச்சத்தை ஈரல் கொழுப்பாக்கும். இரண்டிரண்டு கார்பனாகக் கோத்து, 16 ஆனதும் நிறுத்தும். அது பால்மிட்டிக் அமிலம். வேறொரு நொதி இரண்டு கூட்டினால் 18, ஸ்டியரிக். அதில் அமில முனையிலிருந்து எண்ணி 9-ஆவது கார்பனில் இரட்டைப் பிணைப்பு போட்டால் ஒலியிக். கடலெண்ணெயில் நிறைய இருப்பது இதுதான்.

9-ஐத் தாண்டிப் பிணைப்பு போடுகிற நொதி செடிகளுக்கு உண்டு, பாலூட்டிகளுக்குக் கிடையாது. ஆகவே லினோலெயிக், ஆல்ஃபா லினோலெனிக் இரண்டும் சாப்பாட்டில்தான் வரணும். 1929-இல் பர் தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி போட்டுப் பார்த்தார்கள். தோல் செதில் செதிலாகி, வளர்ச்சியும் நின்றுபோயிற்று.

முன்னது நல்லெண்ணெயில் தாராளம். பின்னதுதான் ஒமேகா-3, அது நல்லெண்ணெயில் இல்லையென்றே சொல்லலாம். ஆளி விதையில் மிகுதி, கடுகெண்ணெயில் ஓரளவு. அதை நீட்டி, பிணைப்பும் கூட்டி, மூளைக்கு வேண்டிய 22 கார்பன் டி.எச்.ஏ.வை உடம்பே செய்துகொள்ளும், ஆனால் ரொம்பக் கொஞ்சம். இரண்டுக்கும் வேலை செய்வது ஒரே நொதிகள். சூரியகாந்தி எண்ணெயே கதி என்றிருந்தால் லினோலெயிக் முந்திக்கொள்ளும்.

இத்தனை வருஷம் வடக்கே இருந்தும் கடுகெண்ணெய் வாடை பிடிக்கலை என்பார் பலர். அவர்களுக்கு நான் சொல்வது, ஆளி விதையை வறுத்து இட்லிப் பொடியில் சேர்த்து இடியுங்கள்.