உறைந்த தோள்

தாராவியில் விடியுமுன் இட்டிலிப் பானையை இறக்கும் கை, ஒருநாள் மேலே எழ மறுக்கிறது. முதலில் இலேசான வலியே இருந்தது. பின்னர் அப்பக்கம் புரண்டு படுத்தால் உறக்கம் கலைந்தது. சில வாரங்களில் தலை வாரவும் இயலவில்லை. சுளுக்கென்று எண்ணி, எண்ணெய் தேய்த்துக் கையை வலிந்து இழுத்துவிடச் சொல்கிறோம். வலி முன்னிலும் மிகுகின்றது. ஊருக்குச் சென்று கட்டுப் போட்டு வரலாம் என்று ரயிலேறுவோரும் நம்மிடையே உண்டு. கட்டுப் போட்டுக் கையை அசையாது வைத்தால் இறுக்கம் இன்னும் கூடுமேயன்றிக் குறையாது.

இந்நோய்க்கு 'உறைந்த தோள்' என்று 1934-ஆம் ஆண்டில் பெயரிட்டவர் காட்மன் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர். தோள்மூட்டைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உண்டு. சட்டையின் அக்குளில் தளர்ந்து கிடக்கும் துணிபோல், கை உயரும்போது விரிவதற்கென அது கீழ்ப்புறம் மடிந்திருக்கின்றது. அழற்சியால் அவ்வுறை தடித்துச் சுருங்கிவிடின், பிறர் தூக்கினாலும் கை எழாது. நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குட்பட்டோரிடமும், பெண்களிடமும் இது மிகுதி. நீரிழிவு உடையவரை இன்னும் எளிதில் பற்றும். ஆதலின் தோள் காரணமின்றி இறுகினால் இரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுவது நன்று.

வலி மிகுந்திருக்கும் முதற்கட்டத்தில் முரட்டுப் பயிற்சி கூடாது. நல்ல கையை மேசைமேல் ஊன்றிக் குனிந்து, நோயுற்ற கையைத் தொங்கவிட்டு, கடிகார ஊசலைப் போல மெல்ல ஆட்டுதல் போதும். வலி அடங்கி இறுக்கம் மட்டும் நிற்கையில், விரல்களால் சுவரில் படிப்படியாக மேலேறுவதும், துண்டை முதுகின்பின் பிடித்து நல்ல கையால் மேலிழுப்பதும் பயன்தரும். பத்தடி அறையாயினும் அதற்கு ஒரு சுவர் இருக்குமன்றோ! வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபின் இவற்றைச் செய்தால் உறை எளிதில் இசையும். ஆனால் எக்கட்டத்தில் இருக்கிறோம் என்பதைக் கண்டு சொல்லவேண்டியவர் இயன்முறை மருத்துவர். தாராவியை அடுத்துள்ள சயான் மருத்துவமனையில் அதற்கெனத் தனிப் பிரிவு உண்டு.

ஊசி போடலாமா, அறுவை வேண்டுமா என்று பலர் வினவுகின்றனர். இங்கிலாந்தில் 503 நோயாளரிடம் நடத்திய ஆய்வொன்று 2020-இல் வெளியாயிற்று. ஊசியுடன் கூடிய இயன்முறைப் பயிற்சி, மயக்க மருந்து கொடுத்துக் கையை அசைத்து விடுவித்தல், துளைவழி அறுவை ஆகிய மூன்றையும் அது ஒப்பிட்டது. ஓராண்டு கழித்து நோக்கியபோது, மற்ற இரண்டினும் தெளிவாக உயர்ந்தது என்று எதனையும் சொல்வதற்கில்லை.

குணமாக ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை செல்லலாம். நாட்கூலியை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது நெடிய காலமே. அதுவரை பானையை இடுப்புயரப் பலகையில் வைத்துக்கொள்ளலாம். உயரத் தூக்கும் வேலையை வீட்டில் வேறொருவர் ஏற்கலாம். விழுந்து அடிபட்டபின் வலி வந்தாலோ, காய்ச்சலுடன் வீக்கம் கண்டாலோ, இடத்தோள் வலியோடு நெஞ்சடைப்பும் வியர்வையும் தோன்றினாலோ, பயிற்சியில் இறங்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.