வங்குரோத்தான மைதானமும் வாடகைக் கழகமும்

உதைபந்தாட்டக் கழகமொன்றுக்குப் பெயரும் சீருடையும் ஆதரவாளர்களும் சொந்தமாக இருந்தாலும், அது விளையாடும் மைதானம் வேறொருவருடையதாக இருப்பது உலகெங்கும் வழக்கமானதே. வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர்ப் பகுதிகளில் கழகங்கள் பந்துதைக்கும் நிலம் பெரும்பாலும் பிரதேச சபைக்கோ பாடசாலைக்கோ உரியதாக இருப்பதால், மைதானத்தின் உரிமையாளர் வங்குரோத்து அடைந்தால் கழகத்துக்கு என்ன நேரும் என்ற கேள்வி இப்பகுதி வாசகருக்குச் சற்று அந்நியமாகத் தோன்றலாம். ஆனால் மைதானத்தைக் கட்டி நடத்துவது ஒரு கம்பனி என்றும், அந்தக் கம்பனி மைதானத்தையே ஈடு வைத்துக் கடன் பெற்றிருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், வாடகையில் ஒரு சதமும் பாக்கி வைக்காத கழகம்கூட ஒரே வாரத்தில் விளையாட இடமின்றி நிற்கக்கூடும். இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள கொவென்ட்ரி நகரின் கழகத்துக்கு 2022 இறுதியில் ஏறத்தாழ அதுவே நேர்ந்தது.

1883ஆம் ஆண்டில் சிங்கர் சைக்கிள் தொழிற்சாலைத் தொழிலாளர்களால் தொடங்கப்பட்ட கொவென்ட்ரி சிற்றி, 1899 முதல் 2005 வரை ஹைபீல்ட் றோட் என்ற மைதானத்தில் விளையாடியது. 1967 முதல் 2001 வரை இடைவிடாது முதல்தரத் தொடரில் நீடித்த அக்கழகம், 1987இல் டொட்டன்ஹாம் அணியை 3-2 என வென்று எப்.ஏ. கிண்ணத்தையும் கைப்பற்றியது. தொண்ணூறுகளின் இறுதியில் நகரின் வடக்கே பழைய எரிவாயு ஆலை இருந்த நிலத்தில் பெரிய மைதானமொன்றைக் கட்டத் திட்டமிட்ட கழக நிர்வாகம், தன் சொந்த மைதானத்தை வீடமைப்பு நிறுவனமொன்றுக்கு விற்றுவிட்டு அதே இடத்தில் வாடகைக்கு விளையாடியது. புதிய மைதானம் எழும்புவதற்குள் கழகம் முதல்தரத் தொடரிலிருந்து இறங்கிக் கடனிலும் மூழ்கிவிட்டதால், புதிய மைதானக் கம்பனியில் தனக்கிருந்த பாதிப் பங்கை ஹிக்ஸ் அறக்கட்டளையிடம் கொடுக்க நேர்ந்தது. மறுபாதி கொவென்ட்ரி மாநகர சபையிடம் இருந்தது. 32,000க்கு மேற்பட்டோர் அமரக்கூடிய அந்த மைதானம் 2005 ஓகஸ்டில் ரிக்கோ அரீனா என்ற பெயரில் திறக்கப்பட்டபோது, எந்தக் கழகத்துக்காக அது கட்டப்பட்டதோ அந்தக் கழகமே அதில் வாடகைக்காரராக நுழைந்தது.

ஆண்டு வாடகை ஏறத்தாழ 12 இலட்சம் பவுண். அதைவிடக் கழகத்தை அதிகமாக வருத்தியது, போட்டி நாளில் விற்கும் உணவு, பானம், வாகனத் தரிப்பிடக் கட்டணம், விருந்து மண்டப வாடகை ஆகியவற்றின் வருமானம் பெரும்பாலும் மைதானக் கம்பனிக்கே போனதாகும். இன்றைய உதைபந்தாட்டத்தில் நுழைவுச்சீட்டு விற்பனை வருமானத்தின் ஒரு பகுதி மட்டுமே என்பதால், கூட்டத்தைத் திரட்டுபவர் ஒருவர், அக்கூட்டத்தின் பணப்பையைத் திறப்பவர் இன்னொருவர் என்ற இந்த ஏற்பாடு நெடுநாள் நீடிக்கக்கூடியதாக இருக்கவில்லை. 2007 இறுதியில் கழகத்தை வாங்கிய சிசு என்ற முதலீட்டு நிறுவனம், அணி மூன்றாம் தரத்துக்கு இறங்கிய 2012இல் வாடகை கொடுப்பதை நிறுத்தியது. அடுத்த ஆண்டு கழகத்தின் கம்பனிகளில் ஒன்று நீதிமன்ற வழிப்பட்ட நிர்வாகப் பொறுப்பின் கீழ் போனதால் அணிக்குப் பத்துப் புள்ளிகள் குறைக்கப்பட்டன. 2013-14 பருவத்தில் ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நோர்தாம்ப்டனில் கழகம் தன் ‘சொந்த மைதான’ப் போட்டிகளை ஆடியபோது, பார்வையாளர் எண்ணிக்கை சராசரியாக இரண்டாயிரத்துச் சொச்சமாகச் சரிந்தது. 2014 செப்டெம்பரில் அணி கொவென்ட்ரிக்குத் திரும்பிய முதற்போட்டிக்கு இருபத்தேழாயிரம் பேருக்கு மேல் வந்தனர். தூரம் ஒரு கழகத்திலிருந்து எதைப் பறிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு தேவையில்லை.

கழகம் திரும்பிவந்த அதே இலையுதிர்காலத்தில் மைதானத்தின் உரிமை கைமாறியது. லண்டனை அடுத்த ஹை விக்கம் என்ற ஊரில் விளையாடிவந்த வொஸ்ப்ஸ் என்ற றக்பி கழகம், மாநகர சபையின் பங்கையும் அறக்கட்டளையின் பங்கையும் வாங்கியதோடு, 250 ஆண்டுக் குத்தகையையும் பெற்றது. 1867இல் தோன்றி ஐரோப்பியக் கிண்ணத்தை இருமுறை வென்ற அக்கழகமும் பணநெருக்கடியில்தான் இருந்தது என்பதும், சொந்த மைதானத்தின் வருமானமே தன்னைக் கரையேற்றும் என்ற நம்பிக்கையில்தான் தன் பழைய ஆதரவாளரை விட்டு நூறு கிலோமீற்றருக்கு மேல் இடம்பெயர்ந்தது என்பதும் பின்வரும் நிகழ்வுகளை விளங்கிக்கொள்ள உதவும். பழைய கடன்களைத் தீர்ப்பதற்காக 2015 மே மாதத்தில் வொஸ்ப்ஸ் 3 கோடி 50 இலட்சம் பவுண் பெறுமதியான பிணைமுறிகளைப் பொதுமக்களுக்கு விற்றது. இலங்கை வாசகருக்கு மத்திய வங்கி விவகாரத்தால் பழகிப்போன இச்சொல் குறிப்பது, குறிப்பிட்ட காலத்தின் பின் முதலைத் திருப்பித் தருவதாகவும், அதுவரை ஆண்டுதோறும் வட்டி தருவதாகவும் உறுதியளிக்கும் கடன்பத்திரத்தையே. இங்கு காலம் ஏழு ஆண்டுகள், வட்டி 6.5 வீதம், ஈடாக வைக்கப்பட்டது அந்த மைதானம்.

வட்டியாக மட்டும் ஆண்டுக்கு 22 இலட்சம் பவுணுக்கு மேல் கட்ட வேண்டியிருந்தது. கொவென்ட்ரி சிற்றி ஒருகாலத்தில் தாங்க முடியாதென்று மறுத்த வாடகையின் ஏறத்தாழ இருமடங்கு அது. இந்த ஒப்பீட்டைப் பிணைமுறி வாங்கியவர்களோ மாநகர சபையோ அப்போதே செய்து பார்த்திருக்கலாம். இதற்கிடையே வொஸ்ப்ஸுக்கும் கழகத்துக்கும் எழுந்த பிணக்கால் 2019 முதல் ஈராண்டுகள் கொவென்ட்ரி சிற்றி பேர்மிங்காம் நகரில் விளையாடியது. 2021 ஓகஸ்டில் பத்தாண்டு உடன்படிக்கையுடன் அது மீண்டும் வீடு திரும்பியபோது பெருந்தொற்று மைதான உரிமையாளரின் கல்லாப்பெட்டியைக் காலியாக்கியிருந்தது. 2022 மே மாதத்தில் பிணைமுறிகளின் தவணை வந்தது. வொஸ்ப்ஸால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க இயலவில்லை.

உரிமையாளர் தள்ளாடத் தொடங்கும்போது அது வாடகைக்காரருக்கு முதலில் தெரிவது நீதிமன்ற அறிவித்தலில் அன்று, புல்லில்தான். அந்த ஆண்டு யூலை இறுதியில் பொதுநலவாய விளையாட்டுகளின் எழுவர் றக்பிப் போட்டிகள் யாவும் அந்த ஒரே மைதானத்தில் மூன்றே நாட்களில் நடந்தேறின. அதனால் தரை விளையாடத் தகுதியற்றதாகி, உதைபந்தாட்டப் பருவத்தின் தொடக்கத்தில் கொவென்ட்ரி சிற்றியின் போட்டிகள் பிற்போடப்பட்டன. லீக் கிண்ணப் போட்டியொன்று பேர்ட்டன் நகருக்கு மாற்றப்பட்டது. பிற்போடப்பட்ட போட்டிகள் வாரநடுவில் நெருக்கமாகக் குவிந்து வீரர்களைக் களைப்படையச் செய்வதும், பருவத்தின் தொடக்கத்திலேயே கழகத்தின் பணவரவு தடைப்படுவதும் கணக்கேட்டில் தனி வரியாகத் தெரியாத இழப்புகள்.

2022 ஒக்ரோபர் 17ஆம் திகதி வொஸ்ப்ஸின் தாய்க் கம்பனி நிர்வாகப் பொறுப்பின் கீழ் சென்றது. வீரர்களும் பயிற்றுநர்களும் ஊழியர்களுமாக 167 பேர் அன்றே வேலை இழந்தனர். நவம்பரில் மைதானத்தை நடத்திய கம்பனியும் அதே வழியில் சென்றது. ஆங்கிலச் சட்டத்தில் நிர்வாகப் பொறுப்பு என்பது, கடனைத் தீர்க்க முடியாத கம்பனியின் கட்டுப்பாட்டை அதன் பணிப்பாளரிடமிருந்து எடுத்து, தகுதிபெற்ற ஒரு நிர்வாகியிடம் ஒப்படைக்கும் ஏற்பாடாகும். கம்பனியைக் காப்பாற்ற முடியுமா என்று முதலில் பார்ப்பதும், முடியாதபோது அதன் சொத்தை இயன்றளவு நல்ல விலைக்கு விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுவதும் அந்நிர்வாகியின் கடமை. ஈடு பெற்றவருக்கு முதலுரிமை உண்டு. மைதானத்தில் விளையாடும் கழகத்தின் நலனோ அந்நகர மக்களின் விருப்பமோ இந்தக் கணக்கில் சேர்வதில்லை.

மைதானத்தை 1 கோடி 70 இலட்சம் பவுணுக்கு வாங்கியது பிரித்தானிய வணிகர் மைக் அஷ்லியின் பிரேசர்ஸ் குழுமம். பிணைமுறிக் கடனில் பாதிக்கும் குறைவான தொகை அது. அதே வாரங்களில் கொவென்ட்ரி சிற்றியை வாங்க முன்வந்திருந்த டக் கிங் என்ற தொழிலதிபர் மைதானத்துக்கும் விலை பேசியும் அது கைகூடவில்லை. டிசம்பர் தொடக்கத்தில், புதிய உரிமையாளர் முன்வைத்த உடன்படிக்கையில் கையெழுத்திடாவிட்டால் மைதானத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற அறிவித்தல் கழகத்துக்கு வந்தது.

பத்தாண்டு உடன்படிக்கையின் இரண்டாம் ஆண்டில் இருந்த கழகத்தை எவ்வாறு வெளியேறச் சொல்ல முடிந்தது என்பதே இவ்விவகாரத்தின் மையம். ஒரு நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை இருவகைப்படும். குத்தகை என்பது நிலத்தோடு ஒட்டிய உரிமை என்பதால், பதிவு முதலிய விதிகள் நிறைவேற்றப்பட்டிருந்தால் நிலம் யாரிடம் கைமாறினாலும் குத்தகைக்காரரின் இடம் பொதுவாகக் காக்கப்படும். அனுமதி உரிமம் என்பது இரு தரப்பாருக்கிடையிலான வாக்குறுதி மட்டுமே. கொடுத்தவர் இல்லாமற்போனால், புதிதாக வருபவரை அது தானாகக் கட்டுப்படுத்தாது. கொவென்ட்ரி சிற்றியிடம் இருந்தது இரண்டாவது வகை. பழைய மைதானக் கம்பனியின் சொத்துகள் பிரேசர்ஸிடம் போனபோது அந்த உரிமம் அவற்றோடு சேர்ந்து போகவில்லை. சட்டப்படி, தன் வாக்குறுதியை மீறிய வங்குரோத்துக் கம்பனியிடம் நட்டஈடு கேட்டு, ஈடற்ற கடன் கொடுத்தவர்களின் வரிசையின் கடைசியில் நிற்பதே கழகத்துக்கு எஞ்சிய வழி. ஈட்டுக்குப் போன வீட்டின் விறாந்தையில் வாய்ப்பேச்சில் கடை போட்டவருக்கு, வீடு ஏலத்தில் விலைப்பட்ட மறுநாள் நேர்வதும் இதுவே. போட்டிப் பருவம் பாதியில் இருந்ததாலும், விளையாட இடம் உண்டு என்பதைக் காட்டாத கழகத்தை லீக் ஏற்காது என்பதாலும், பருவகாலச் சீட்டு வாங்கிய ஆயிரக்கணக்கானோருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததாலும் கழகத்தின் பேரம் பேசும் பலம் மிகக் குறைவாக இருந்தது. பருவ இறுதி வரைக்குமான உடன்படிக்கையில் டிசம்பரிலேயே அது கையெழுத்திட்டது.

இத்தனைக்கும் நடுவே அணி அந்தப் பருவத்தில் முதல்தரத் தொடருக்கான தகுதிகாண் இறுதிப் போட்டிவரை சென்று, 2023 மே 27ஆம் திகதி வெம்ப்ளியில் லூட்டனிடம் தண்டனை உதைகளில் தோற்றது வியப்புக்குரியது. மைதானச் சிக்கல் அணியைக் கட்டாயம் வீழ்த்திவிடும் என்று எழுதுவது எளிது. இங்கு அவ்வாறு நடக்கவில்லை. பாதிப்பு வேறிடத்தில் இருந்தது: ஒரு பருவத்துக்கு அப்பால் எங்கே விளையாடுவோம் என்று சொல்ல முடியாத கழகம் விளம்பரதாரரோடும் வீரரோடும் நீண்டகால உடன்பாடு பேசும்போது அதன் குரல் தாழ்ந்தே ஒலிக்கும்.

இந்தியாவில் இதற்கு நெருங்கிய நிகழ்வு திருவனந்தபுரத்தின் காரியவட்டத்தில் உண்டு. கேரளப் பல்கலைக்கழகத்தின் நிலத்தில், ஐ.எல்.எப்.எஸ். என்ற உட்கட்டமைப்பு நிதிக் குழுமத்தின் துணைக் கம்பனியால் கட்டப்பட்ட கிரீன்பீல்ட் மைதானம் 2015 தேசிய விளையாட்டுகளுக்காகத் திறக்கப்பட்டது. 2016 சனவரியில் தெற்காசிய உதைபந்தாட்டக் கிண்ண இறுதிப் போட்டியில் இந்தியா ஆப்கானிஸ்தானை வென்றதும் அங்கேதான். 2018இல் ஐ.எல்.எப்.எஸ். 90,000 கோடி ரூபாவுக்கு மேற்பட்ட கடனோடு சரிந்தது. மைதானத்தை எவரும் ஏலத்தில் தூக்கிச் செல்லவில்லை. பராமரிப்பு நலிந்தது, 2022 செப்டெம்பரில் இந்திய, தென்னாபிரிக்க கிரிக்கெற் போட்டிக்கு முன்னர் கட்டணப் பாக்கிக்காக மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அங்கு போட்டிகளை நடத்திய கிரிக்கெற் சங்கத்துக்கு அந்தப் பாக்கியில் பங்கில்லை எனினும் இருட்டில் நின்றது அது போட்டி நடத்தவிருந்த மைதானமே. கிழக்குப் பல்கலைக்கழகத்தை அயலில் கொண்ட வந்தாறுமூலை மக்களுக்கு, நிலம் பல்கலைக்கழகத்தினுடையது, கட்டடம் கம்பனியினுடையது, ஆட்டம் வேறொருவருடையது என்ற இந்த அடுக்கு எளிதில் விளங்கும்.

அரச உரிமையாளர் முறியும்போது விளைவு இன்னும் மெதுவானது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென இலங்கை அறிவிப்பதற்கு முன்னரே நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு நடைமுறைக்கு வந்திருந்தது. அத்தகைய காலத்தில் எந்தச் சபையும் தன் மைதானத்தை விற்காது. விளக்குக் கம்பங்களையும் பார்வையாளர் அரங்கின் கூரையையும் திருத்தும் செலவே பாதீட்டிலிருந்து முதலில் வெட்டப்படும், கழகங்கள் தம் கையிலிருந்து சுண்ணாம்பு வாங்கிக் கோடு போடும்.

கொவென்ட்ரியில் 2023இல் ஐந்தாண்டு உடன்படிக்கை எட்டப்பட்டது. 2025 ஓகஸ்டில், கழகத்தின் முழு உரிமையாளராகிவிட்டிருந்த டக் கிங் பிரேசர்ஸிடமிருந்து மைதானத்தையும் வாங்கியதால், மைதானம் திறக்கப்பட்டு இருபது ஆண்டுகளின் பின் கழகமும் மைதானமும் ஒரே கையில் சேர்ந்தன. ஆதரவாளர்கள் அதைக் கொண்டாடியதில் நியாயம் உண்டு. ஆயினும் தொண்ணூறுகளின் இறுதியில் சொந்த மைதானத்தை விற்றதும் இதே கழகம்தான்; அன்று எந்த வெளி உரிமையாளரும் அதை வெளியேற்றவில்லை, கழகத்தின் சொந்த முடிவும் சொந்தக் கடனுமே வெளியேற்றின. புதிய உரிமையாளர் அந்த மைதானத்தை எந்தக் கடனுக்கும் ஈடாக வைக்காமல் இருப்பாரா என்பதைக் கொவென்ட்ரி மக்கள் இனி ஆண்டுதோறும் கழகத்தின் கணக்கறிக்கையில் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.