டாலர் திரும்பிப் போகும் வழி

2025 ஆகஸ்ட் 27 அன்று, திருப்பூரிலிருந்து அமெரிக்கா போகும் பருத்தி டி-ஷர்ட்டுக்கு வரி 66.5 சதவீதம் ஆனது. ஏற்கெனவே இருந்தது 16.5, அதன்மேல் ஒரு 25, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக இன்னொரு 25. ஐந்து டாலர் பனியனுக்கு மூன்று டாலருக்கு மேல் வரி. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது கூடுதல் வரி 20 சதவீதம்தான். பையர்கள் ஆர்டரை நிறுத்தினார்கள், தள்ளுபடி கேட்டார்கள். ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊர் இது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குச் சரக்கு அமெரிக்காவுக்குத்தான் போகிறது.

முதல் 25க்கு வாஷிங்டன் சொன்ன காரணம், வர்த்தகப் பற்றாக்குறை. 2024இல் சரக்கு வர்த்தகத்தில் மட்டும் அது சுமார் 1.2 லட்சம் கோடி டாலர். 1975க்குப் பிறகு அமெரிக்கா வர்த்தக உபரியையே கண்டதில்லை.

இலங்கையால் இப்படிப் பற்றாக்குறையிலேயே காலம் தள்ள முடியவில்லை. 2022இல் டாலர் தீர்ந்ததும் பெட்ரோலுக்கு வரிசை நின்றது, வெளிக்கடனைக் கட்டுவது நின்றது. இலங்கை அடுத்தவர் பணத்தில் கடன்பட்ட நாடு. அமெரிக்காவோ தானே அச்சிடும் பணத்தில் கடன்படுகிறது.

அந்தப் பணம் போகும் வழியைப் பார்க்க வேண்டும். திருப்பூரில் கூலியும் நூல் விலையும் ரூபாயில். ஆகவே ஏற்றுமதியாளர் டாலரை வங்கியில் மாற்றுகிறார். இப்படி நாட்டுக்குள் வரும் டாலரில் ரிசர்வ் வங்கி வாங்கிச் சேர்ப்பதில் கணிசமான பங்கு அமெரிக்க அரசின் கடன்பத்திரங்களுக்கே போகிறது. பனியனை வாங்கிய நாட்டுக்கே அதை விற்ற காசும் கடனாகப் போய்ச் சேருகிறது. ஜப்பானும் சீனாவும் இதைவிடப் பெரிய அளவில் இதையே செய்துவந்திருக்கின்றன.

கொடுப்பவர்கள் கொடுக்கும்வரை பற்றாக்குறை நீடிக்கும். ஆனால் 2024 இறுதியில் அமெரிக்காவின் வெளிநாட்டுச் சொத்தைவிட, அங்கே வெளிநாட்டார் வைத்திருக்கும் சொத்து சுமார் 26 லட்சம் கோடி டாலர் அதிகம். இந்தக் கணக்கு முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போகாது. 1985இல் இந்தப் பற்றாக்குறையைக் குறைக்க ஐந்து நாடுகள் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் கூடி டாலர் மதிப்பை இறக்க முடிவெடுத்தன. யென் விலை ஏறி ஜப்பானிய ஏற்றுமதியாளர்கள் அடிபட்டார்கள். பற்றாக்குறை சில ஆண்டுகள் குறைந்து, மறுபடி வளர்ந்தது.

வரி இதற்கு மருந்தாகாது. உற்பத்தி செய்வதைவிட அதிகம் செலவழிக்கும் நாடு, இங்கே வாங்காவிட்டால் வியட்நாமில் வாங்கும். ஆனால் அடி விழுவது திருப்பூரில். நிட்டிங், சாயம், கட்டிங், தையல் என ஒரே பனியனுக்கு ஊரில் பல யூனிட்டுகள் வேலை செய்கின்றன. ஆர்டர் நின்றால் பெரிய கம்பெனி சில மாதம் தாக்குப்பிடிக்கும். ஜாப் ஒர்க் செய்யும் சின்ன யூனிட்டும், பீஸ் ரேட்டில் தைப்பவரும் அந்த வாரச் சம்பளத்தையே இழக்கிறார்கள்.